இருநூறு டிரெக்டரியிலும் தோட்டத்து ஆபீஸைப் பதிந்த பிலோமினா அக்கா

பிலோமினா அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகன் போன் எடுத்துச் சொன்னான். நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்தவர் அப்படியே... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கொடுக்கவில்லையாம். யாரையும் காக்க வைக்கிற பழக்கம் அவருக்கு இருந்ததே இல்லை.

ஹட்டனில் பேக்கரிக்கு மேல் மாடியில் ஒரு வெப்சைட் கம்பனி இருந்தது. கம்பனி என்றால் பாஸ், நான், அக்கா. அவ்வளவுதான்.

அக்கா முப்பத்தெட்டு வயது வரை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மாதா கோயிலில் நடந்த கம்ப்யூட்டர் கிளாஸுக்கு மகனைச் சேர்க்கப் போனார். மகன் இரண்டாம் நாளே கிரிக்கெட் விளையாட ஓடிவிட்டான். கட்டின காசு வீணாகிறதே என்று தானே உட்கார்ந்து படித்து முடித்துவிட்டார்.

எங்களிடம் அவருக்கு டிரெக்டரி சப்மிஷன் வேலை. இப்போது சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இணையத்தில், கடை கம்பனிகளின் பெயரையும் விலாசத்தையும் பட்டியல் போட்டு வைக்கிற ஊர்ப்பட்ட டிரெக்டரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் போய்க் கஸ்டமரின் சைட்டைப் பதிய வேண்டும். நாலு பக்கமிருந்தும் லிங்க் கிடைத்தால், யாராவது தேடும்போது நம் சைட் மேலே வரும் என்று பாஸ் எங்கேயோ படித்துவிட்டார்...

அக்கா ஒவ்வொரு டிரெக்டரியையும் திறந்து முதலில் மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். சூதாட்ட விளம்பரம் இருந்தால் முடிந்தது கதை. "இது முத்தல் இலை தம்பி. கூடைக்குள்ள போடக்கூடாது."

எங்கள் பெரிய கஸ்டமர், சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணி ஊரில் நாலு ரூம் உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸ். எல்லா இடத்திலும் ஒரே விவரத்தைப் போடாதீர்கள், மாற்றி மாற்றி எழுதுங்கள் என்றார் பாஸ். அக்கா மாற்றித்தான் எழுதினார். ஆனால் உண்மையை எழுதினார்.

"சுடுதண்ணீர் உண்டு. சில நேரம்."

"நான்கு அறைகள். மூன்றாவதில் மழை பெய்தால் தூங்க முடியாது."

பாஸ் தலையில் கை வைத்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்லாதத எழுதிட்டு பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட யாரு சேர் போய் சொல்றது? நீங்களா?" பாஸ் முருக பக்தர். தன் மேசைக்குப் போய்விட்டார்.

சீசனுக்கு முன்னால் முதல் பக்கத்தில் வராவிட்டால் கெஸ்ட் ஹவுஸ் முதலாளி வேறு ஆளைப் பார்ப்பார், பிறகு உங்கள் இரண்டு பேரில் ஒருவரைத்தான் வைத்திருக்க முடியும் என்று பாஸ் ஒருநாள் சொல்லிவிட்டார். கடைசியாக வந்தவர் அக்கா.

அன்றைக்கு பஸ்ஸுக்கு நடக்கும்போது, "என்னைய திரும்ப கொழுந்து மலைக்கு மட்டும் அனுப்பிறாதீங்க தம்பி, முழங்கால் கேக்காது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முதல் பக்கத்தில் வந்தது! ஆனால் எங்கள் சைட் இல்லை. அக்கா பதிந்த ஒரு டிரெக்டரியின் பக்கம். அதில் இருந்த விலாசம், கெஸ்ட் ஹவுஸிலிருந்து மூன்று மைல் கட்டை தள்ளி இருக்கும் தோட்டத்து ஆபீஸ். முதலாளி பிறந்து வளர்ந்த தோட்டம்.

இருநூறு டிரெக்டரியிலும் அதே விலாசம்.

அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கெஸ்ட் ஹவுஸுக்கு நம்பரும் கிடையாது, அந்த ரோட்டுக்குப் பெயரும் கிடையாது. லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்களுக்குக் கடிதம் வருவது தோட்டத்து ஆபீஸுக்கு. விலாசம் என்று கேட்டால் எங்கள் கை தானாக அதைத்தான் எழுதும். செக் பண்ணியவன் நான். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை!

சீசன் முதல் வாரம். தோட்டத்தில் காலைப் பெரட்டு நடக்கிறது, ஆட்களுக்கு வேலை பிரிக்கிற நேரம். கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்து நிற்கிறது. சிவனொளிபாதமலை ஏற வந்த பன்னிரண்டு பேர், வெள்ளை உடுப்போடு இறங்குகிறார்கள்.

ஏதோ பெரிய இன்ஸ்பெக்ஷன் என்று நினைத்துக் கங்காணி எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டாராம். தோட்டத்தை நடத்துகிற துரை பங்களாவிலிருந்து ஓடி வந்தாராம். வந்தவர்கள் துரையிடம் ரூம் சாவி கேட்டார்களாம்.

தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் எங்களுக்குப் போன் எடுத்தார். "என்னாங்க இது, ஆபீஸ லொட்ஜுன்னு போட்டு வச்சிருக்கீங்க? இங்க ரெண்டு பேரு வராந்தாவுல பாய விரிச்சிட்டாங்க!"

மத்தியானம் கெஸ்ட் ஹவுஸ் முதலாளியே மாடி ஏறி வந்தார். வந்த வேகத்துக்கு, கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் போட்டுவிடுவார் போல் இருந்தது. பாஸ் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

அக்கா எழும்பி நின்றார். "நான்தாங்க போட்டேன். உங்க விலாசம்னு எனக்குத் தெரிஞ்சது அது ஒன்னுதாங்க."

முதலாளி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என் ஓ.எல். பரீட்சை ரிசல்ட்டும் அந்த ஆபீஸ்லதான்க்கா கெடந்துச்சு. ஒரு கெழம. யாரும் எடுத்துக் குடுக்கல."

அப்புறம் அவரே சொன்னார். "நாளையில இருந்து அங்க ஒரு த்ரீவீலர நிப்பாட்டுறேன், வர்றவங்கள ஏத்திட்டு வரட்டும். நீங்க மெதுவா மாத்துங்க." பாஸ் பக்கம் திரும்பினார். "இவங்கதான் மாத்தணும். வேற ஆள் வேணாம்."

அவர் இறங்கிப் போனதும் அக்கா முதல் டிரெக்டரியைத் திறந்து விலாசத்தை மாற்றினார். கீழே அந்த வழக்கமான பெட்டி வந்தது... நீங்கள் ரோபோ இல்லை என்று காட்டுங்கள், பஸ் உள்ள படங்களை எல்லாம் அமத்துங்கள் என்று.

அக்காவின் கை மவுஸ் மேல் அப்படியே இருந்தது.

"தம்பி... இதுல பஸ் எதுன்னு தெரியல. எல்லாம் கலங்குது. நீங்க கொஞ்சம் அமத்துங்களேன்."

நான் எட்டி அமத்தினேன். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. மூன்று தடவை பிழை என்று வந்தது.

நாளை மூன்று மணிக்கு அக்காவை எடுக்கிறார்கள். நான் கிளம்பிவிட்டேன்.

போய் வாங்க அக்கா...