ஸாலிஹாவின் தறியும் ஏறாவூர்க் கண்ணும்

காத்தான்குடியில் ஆண்கள் உடுத்தும் சாரன் நெய்தே மகள் ஹஸீனாவுக்கு வீடு கட்டிக் கொடுத்தவள் ஸாலிஹா. புருஷன் கண்ணை மூடி மௌத்தானதும் தறியில் உட்கார்ந்தவள், அதற்குப் பிறகு யாருடைய வாசலிலும் போய் நிற்கவில்லை. அவளுக்குப் பயம் இரண்டே: கச்சான் காற்றும் கண்ணூறும். கச்சான் வீசினால் பாவு நூல் காய்ந்து அறும். கண்ணூறு பட்டால் காயாமலே அறும்.

கல்லடிப் பாலம் வந்த புதிதில் ஏறாவூரிலிருந்து மருமகன் பக்கீர் வந்து சேர்ந்தான். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வரவேண்டும். அவன் கருவாட்டு வியாபாரி; தறியைக் கிட்ட நின்று கண்டவனல்ல. ஓய்ந்த நேரமெல்லாம் தறிக் கொட்டிலில் வந்து குந்தி, வாயைப் பிளந்து பார்ப்பான். ஒருநாள் அவன் வெற்றிலை மடிக்குமுன்னே நூல் அறுந்தது. ஸாலிஹா முடிச்சுப் போட்டாள். மறுபடி அறுந்தது. அன்றைக்கு மட்டும் ஐந்து தரம்.

மாமி மருமகனோடு நேரே பேசும் வழக்கமில்லை.

"ஹஸீனா, ஒன்ட மாப்பிள்ளைய அங்கால போகச் செல்லு புள்ள. அந்தக் கண்ணு நூலத் தின்னுது!"

பக்கீருக்கும் காது இருந்ததே. "ஒங்கட உம்மாக்கிட்டச் செல்லு ஹஸீனா, ஏறாவூர்க் கண்ணு மீனத்தான் தின்னும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அதன்பிறகு அவன் தலை தெரிந்தாலே ஸாலிஹா தறியை நிறுத்தினாள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு தாய் வீட்டுக்கு வண்டி ஏறிவிட்டான். "கூப்பிட்டா வாறன்" என்றது மட்டும்தான். ஹஸீனா அழுத கண்ணோடு அடுப்படிக்குள் போனாள்.

மறுநாள் ஒரு நூலும் அறவில்லை. "பாத்தியா?" என்றாள் ஸாலிஹா. அடுத்த நாள் ஒன்று. அது எவருக்கும் நடக்கும். அதற்கடுத்த நாள் வரிசையாக அறுந்தது. சுற்றிமுற்றிப் பார்த்தாள். கொடியில் பக்கீரின் சாரன்! அது பெட்டிக்குள் போனது. நூல் அப்போதும் அறுந்தது.

பன்புல் பாயில் குந்திப் புளி உடைத்துக்கொண்டிருந்த ஹஸீனா கேட்டாள்: "சாரனுக்கும் கண்ணிரிக்கா உம்மா?"

"வாய மூடு."

மகளுக்குப் பொங்கியது. புளியங்கொட்டையை இரு கையாலும் அள்ளிப் பாயில் வீசினாள். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பாய்.

"இஞ்ச பாருங்க. இந்தக் கட்டத்தில அஞ்சு கிடக்கு, இதில ஒண்டு, பக்கத்தில வெறுங் கட்டம். அஞ்சு விழுந்த கட்டத்த ஆரு பாத்த? ஏறாவூர்க் கண்ணா?"

"கோவத்தில எறிஞ்சா அப்பிடித்தான். இஞ்ச தா."

விதைநெல் தூவுகிற பதத்தில் ஸாலிஹாவே தூவினாள். ஓரிடத்தில் குவியல், பல இடத்தில் ஒற்றை, சில இடம் வெறுமை. இன்னொரு தரம் தூவினாள். குவியல் வேறு கட்டத்துக்குப் போனதே தவிர, இல்லாமல் போகவில்லை. கணித நூல்கள் இதைப் புவசோன் பரம்பல் என்று சமன்பாட்டில் எழுதும்: சராசரி நாளுக்கு ஒன்றென்றாலும் தற்செயல் நாளுக்கு ஒன்றாகப் பங்கு வைப்பதில்லை, சும்மா போகிற நாளும் உண்டு, மொத்தமாக வந்து கொட்டுகிற நாளும் உண்டு. ஸாலிஹா அந்தப் பெயரை அறியாள். ஒரு கொட்டையை விரலில் உருட்டியபடி இருந்தாள்.

"அப்ப, நாளெல்லாம் கட்டம் எண்டுறாய்."

"நான் ஒண்டும் செல்லல்ல. என்ட மாப்பிள்ளையக் கேக்கிறன்."

விடிந்ததும் ஸாலிஹா தானே வண்டி பிடித்து ஏறாவூர் போனாள். சம்பந்தி வீட்டுத் திரைக்குப் பின்னால் நின்று, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "தறிக்குப் பக்கத்தில மருமகன் குந்துற பலக சும்மா கிடக்கு."

பக்கீர் வந்தான், குந்தினான். கொஞ்ச நேரம்தான், நூல் அறுந்தது. அவன் எழும்பப் பார்த்தான். ஹஸீனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஸாலிஹா நிமிராமலே முடிச்சுப் போட்டாள்.

"இரிக்கச் செல்லு புள்ள. ஒரு புளியங்கொட்ட விழுந்திட்டு, அவ்வளவுதான்."

பிறகு பொழுதுபடும்வரை ஒன்றும் அறவில்லை. பக்கீருக்குக் குஷி தாங்கவில்லை. "மாமிட்டக் கேளு ஹஸீனா, இண்டைக்கு என்ட கண்ணு எப்பிடி?"

"ஒன்ட மாப்பிள்ளைக்குச் செல்லு," என்றாள் ஸாலிஹா. "அஞ்சு விழுந்த கட்டத்துக்குப் பழி இல்லாட்டி, வெறுங் கட்டத்துக்கும் பேர் வாங்க ஏலாது."