மச்சானின் கைக்கு ஒரு தூண்டில் ராட்டை

படவேட்டில் நான் வாத்தியாராக இருந்த எண்பதுகளின் தொடக்கத்தில், கடல் எனக்கு மனைவியின் பேச்சில் மட்டும்தான் இருந்தது. சன்னலைத் திறந்தால் ஜவ்வாது மலை. கடலுக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டும். அவள் கடலோரத்துப் பெண். அவளுடைய அண்ணன், என் மச்சான், கட்டுமரத்தில் ஒற்றை ஆளாய்ப் போய்க் கைத்தூண்டில் போடுகிறவர். ஒரு நாள் பெரிய மீன் இழுத்த இழுப்பில் நைலான் நரம்பு அவருடைய வலக்கையில் இரண்டு விரல்களை எலும்புவரை அறுத்துவிட்டது. புண் ஆறியது. விரல்கள் மடங்கவில்லை.

தவக்காலத்தின் நடுவில் கடிதம் வந்தது. கட்டுமரத்தை விற்றுவிட்டு ஐஸ் கம்பெனிக்குக் கூலியாகப் போகிறாராம். ஈஸ்டர் கழிந்ததும் மரத்தைப் பார்க்க ஆள் வருகிறானாம். கடிதத்தைப் படித்த மனைவி முறத்துச் சாமையைப் புடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணன் ஐஸ் ஒடைக்கறதா? கடலப் பாக்காம அது ஒரு வேள சோறு துன்னாதுங்க.”

வேலூரில் ஒரு பழைய சாமான் கடையில் நரம்பைச் சுற்றிவைக்கும் தூண்டில் ராட்டைகள் தொங்கியதைப் பார்த்த ஞாபகம் எனக்கு. விரல் பிடிக்க முடியாத நரம்பை ராட்டை பிடிக்கட்டுமே என்று தோன்றியது. தோன்றிவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

முதலில் ராட்டையைக் கட்ட ஒரு கோல். எங்களுக்குப் புளி கொண்டுவரும் மலை விவசாயியிடம் பன்னிரண்டு அடி மூங்கில் கேட்டேன். கடல் பெரிது, கோலும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அடுப்படியிலிருந்து அவள் வந்தாள்.

“மாடி மேல குந்திக்கினா புடிக்கப் போவுது? மரத்துல மண்டி போட்டுக்கினு இருக்கற ஆளு. மீனு மரத்துக்கு அடியில பூந்தா இம்மா நீளத்த எப்டி திருப்பும்? எங்கண்ணன் ஒசரம் போதும்.”

“அண்ணன் ஒசரம் இன்னாம்மா?” என்றார் விவசாயி.

“இவர வுட ஒரு சாண் கம்மி.”

அடுத்த வாரம் கல்மூங்கிலோடு வந்தார். உள்ளே ஓட்டையில்லாத, கெட்டி மூங்கில். என்னைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார். “ஆடாம நில்லுங்க சார். காத்துல சோளத்தட்டுகூட இவ்ளோ ஆடாது.” என் தலைக்கு ஒரு சாண் கீழே வெட்டினார். தன் வீட்டு அடுப்புக்கு மேலே புகையில் கட்டிவைத்து, தேன் நிறத்தில் திருப்பித் தந்தார்.

வேலூர்க் கடை பாய் மூன்று ராட்டைகளை எடுத்து வைத்தார். பல்சக்கரங்கள் வைத்த ஒன்று பளபளத்தது. அதன் கைப்பிடியோ பட்டாணி அளவு. இன்னொன்று பிளாஸ்டிக், மலிவு, அடியில் விரிசல். மூன்றாவது கறுத்துப்போன பித்தளைச் சக்கரம், பல்லும் கிடையாது ஒன்றும் கிடையாது. நான் இரண்டு விரல்களை விறைப்பாக நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன்.

“கைக்கு இன்னா சார் ஆச்சு?”

“ஒண்ணுமில்ல பாய். இது எங்க மச்சான் கை.”

பாய் சிரிக்கவில்லை. பித்தளையை என் பக்கம் தள்ளினார். “அப்ப மச்சானுக்கு இதான். வெரலே வோணாம். மீனு ஓடுச்சின்னா உள்ளங்கையால விளிம்ப அமுக்கு, நிக்கும். ரிப்பேர்னா நாலணாக் காசு போதும், அதாலயே திருகி கழட்டிக்கலாம்.” என் சம்பளத்துக்கும் அதுதான் எட்டியது.

பிறகுதான் நானும் மலை விவசாயியும் அந்த வேலையைச் செய்தோம். எங்கள் பக்கம் புதுப்புளியை உப்புப் போட்டு உருட்டி வைப்பார்கள், வருஷம் தாங்கும். மச்சான் வீட்டுக்கும் ஒரு உருண்டை கொண்டுபோக வேண்டியிருந்தது. “பஸ்ஸு குலுக்கற குலுக்குல ராட்ட நசுங்கிப்பூடும் சார். புளிக்குள்ள வெச்சிடலாம். உப்புப் போட்ட புளி, உள்ள இருக்கறது கெடவே கெடாது” என்றார் மலை விவசாயி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். ஒரு வாரம் அது புளிக்குள்ளேயே இருந்தது.

ஈஸ்டருக்கு மறுநாள் மச்சான் உருண்டையைப் பிளந்தார். பித்தளை தங்கமாய் மின்னியது. சக்கரம் சுற்றவில்லை. நடுவிலிருந்த இரும்பு அச்சு துருவேறி இறுகியிருந்தது.

“இன்னா மாப்ள, ராட்டைய கொழம்பு வெக்கறதுக்கா எடுத்தாந்த?”

மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. உப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கடற்கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். மறுநாள் காலை மரம் பார்க்க ஆள் வருகிறான்.

அதுவரை மச்சான் கோலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “மலைக்காரங்க வெளையாட்டு சாமான்” என்று ஒதுக்கியிருந்தார். ஆனால் இறுகிப்போன ஒரு கருவியைச் சும்மா விட்டுவைக்க அவரால் ஆகாது போலிருக்கிறது. மண்ணெண்ணெய் கேட்டார். நாலணாக் காசைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கித் திருகினார். மடங்காத இரண்டு விரல்களும் வழிகாட்டிப் பலகைபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உதவப் போன என்னிடம், “நீ தொட்டது போதும்” என்றார். ஒட்டியிருந்த புளி நாரை வழித்தார், துருவைத் தேய்த்தார், தேங்காயெண்ணெய் விட்டார். வெயில் சாயும்போது சக்கரம் சுற்றியது. சுற்றவிட்டு, உள்ளங்கையை விளிம்பில் வைத்தார். நின்றது. திரும்பச் சுற்றினார். “நிக்குது” என்றார், யாரிடமும் இல்லாமல்.

விடிந்ததும் ராட்டையைக் கோலில் கட்டிக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போனார். வாங்க வந்தவன் எங்கள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து பீடி பிடித்தான். வெயில் ஏறிய பிறகு மரம் அலை தாண்டி வந்தது. முழங்கை நீளத்தில் இரண்டு பாறை மீன். கரையேற்றியதும் அவன் எழுந்து போய் மரக்கட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

“வேற மரம் பாருப்பா” என்றார் மச்சான்.

பிறகு தங்கையைப் பார்த்து, “நல்ல தண்ணி ஒரு சொம்பு எடுத்தா. ராட்டையக் கழுவணும்” என்றார். அவள் எழுவதற்குள் நான் ஓடினேன்.