கம்ப்யூட்டருக்குப் பட்டை போட்ட வெள்ளிக்கிழமைகள்

எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் எப்போது நின்றாலும் விசாரணையே கிடையாது, நேராகத் தண்டனைதான். தண்டனை எனக்கு.

தொண்ணூறுகளின் கடைசி. ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ். அக்காவின் கடைசி வருஷ புராஜெக்டுக்காக அப்பா அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியிருந்தார். படிப்பை ஒழுங்காக முடித்தால் வேலைக்குப் போகலாம். இழுத்தடித்தால் வைகாசியில் கல்யாணம். இது அவர் போட்ட நிபந்தனை. மாப்பிள்ளை வீட்டார் வேறு தயாராக இருந்தார்கள்.

தொழிற்சாலை மெஷின்களுக்கு ஆயுத பூஜையன்று மட்டும் கிடைக்கும் மரியாதை, எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கு வாராவாரம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்ததும் அப்பா அதன் பெட்டியின் பக்கவாட்டுக் காற்று இடுக்குகள் மேல் விபூதிப் பட்டை இழுப்பார், நடுவில் சந்தனம் வைப்பார், இடுக்கில் ஒரு சாமந்தியைச் செருகுவார். மதிக்கிறவனுக்குத்தான் மெஷின் உழைக்கும் என்பது அவர் கொள்கை.

அது உழைக்கவில்லை. அரை மணி நேரம் ஓடும். பிறகு திரை அப்படியே உறைந்துவிடும். அக்கா அடித்து வைத்ததில் பாதி போய்விடும். அவள் மேஜையைக் குத்துவாள். அப்பா விபூதியின் அளவைக் கூட்டுவார். அப்புறம் என் காதைப் பிடிப்பார்.

"கேம் ஆடுனியாலே?"

ஆடினேன்தான். பொம்மைக் கார் ஓட்டினால் கம்ப்யூட்டர் சாகுமா? ஒரு நாள் என் கையிலேயே உறைந்தது. பயத்தில் எந்தச் சுவிட்ச் என்று தெரியாமல் ஓடிப்போய் மெயினையே அணைத்தேன். சமையலறையில் மிக்ஸி நின்றது, அம்மாவின் வாய் ஓடத் தொடங்கியது. கேம் சிடியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். சும்மா கிடந்திருக்கலாம். "நான் இங்க இல்ல!" என்று நானே கத்தினேன். அப்பா அந்த சிடியை முழங்காலில் வைத்து உடைத்தார்.

புராஜெக்டைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியபோது திருமுல்லைவாயிலிலிருந்து மெக்கானிக் அண்ணன் வந்தார். மூடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார் இது? உள்ள பூக்கடையே கீது! ஃபேன் சுத்தவே இல்ல. சூடு ஏறினா நின்னுடும், அது இன்னா பண்ணும் பாவம்?"

காய்ந்த சாமந்தி இதழ்கள், கட்டிகட்டியாக விபூதி. எனக்குச் சொர்க்கவாசல் திறந்த மாதிரி இருந்தது. அப்பாவை நோக்கி விரலை நீட்டினேன். அவர் முகம் கறுத்தது.

"இது நம்ம வீட்டுக்கு ஆவாது. மூடி எடுத்துட்டுப் போயிருங்க. அவ படிச்ச வரைக்கும் போதும்."

"எலிப்பா" என்றாள் அக்கா சட்டென்று. "பூஜை அலமாரியிலேர்ந்து இழுத்துட்டு வந்து போட்டிருக்கு."

மெக்கானிக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டை போட்ட எலியா கீதும்மா?"

"இந்த குவார்ட்டர்ஸ்ல எலித் தொல்ல கூடிப் போச்சு" என்றார் அப்பா உடனே.

"தொடச்சு விடுங்கண்ணே" என்றாள் அக்கா.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. காது வீங்கியது எனக்கு, சிடி உடைந்தது எனக்கு. பழி மட்டும் இல்லாத ஓர் எலிக்கு! அதற்காக அப்பா பொறி வாங்கி, உள்ளே மசால் வடை வேறு வைத்தார். எனக்கு ஒரு வார்த்தை ஆறுதல் கிடையாது. கோபத்தில் அந்த வடையை நானே தின்னப் போனேன். விரல் மாட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்கும்படி அலறினேன்.

அக்காவோடு பேச்சை நிறுத்தினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் செய்ததைப் பார்த்து எரிச்சல் இன்னும் ஏறியது. ஒரு சரஸ்வதி படம் வாங்கி வந்து, கம்ப்யூட்டருக்கு எதிர்ச்சுவரில் ஆணியடித்து மாட்டினாள். அப்பா விபூதித் தட்டோடு வந்ததும் குறுக்கே போய் நின்றாள்.

"இனிமே எல்லாம் இங்கதான்ப்பா. மெஷினைவிட சாமி பெருசில்லையா?"

அப்பா அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு படத்துக்குப் பட்டை போட்டார். அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் நிற்கவில்லை. வைகாசியில் அவள் அம்பத்தூருக்கு வேலைக்குப் போனாள்.

நானோ படம் மாட்டிய அன்றைக்கே அம்மாவிடம் போய், இவ்வளவு படித்த அக்காவுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டதே என்று புகார் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாமல் அவளோடும் பேச்சை நிறுத்தினேன்.