வெட்டாத இரண்டு நிமிடம்

என் சித்திக்கு என்ன வேலை என்று கேட்டால் எங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு பதில் வரும். சித்தப்பா "கம்ப்யூட்டர் பாக்குறா" என்பார். சபை அலுவலகத்தில் அவளுக்கு "வயர் அக்கா" என்று பெயர். பதினேழு ஆலயங்கள், ஒரு விடுதி, ஒரு தலைமை அலுவலகம், இத்தனையிலும் இணையம் ஓட வேண்டியது அவள் பொறுப்பு. நின்றால் அவள் குற்றம். ஓடினால் கர்த்தரின் கிருபை.

பதினொரு வருடத்தில் அவள் ஏறாத ஆலயக் கூரை இல்லை. எலி கடித்த கேபிளை மாற்ற, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மணிக்கூண்டில் ஏறுவாள். திருமணத்துக்குப் பூ அலங்காரம் செய்ய வருகிறவர்கள் தங்கள் விளக்குக்காக நெட்வொர்க் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். பாடகர் குழுவின் அங்கிகளுக்குப் பின்னால் தவழ்ந்து போய் அதை மறுபடி மாட்டுவாள்.

"லைன் போச்சுன்னா ஜெபம் பண்ண நாப்பது பேர் வராங்கடி. ஏணி பிடிக்கத்தான் ஒருத்தரையும் காணோம்" என்று ஒருமுறை சொன்னாள். சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

பெரிய ஆலயத்தில் இரண்டு வைஃபை வைத்திருந்தாள். ஒன்று வருகிறவர்களுக்கு, மெதுவாக ஓடும். மற்றது அலுவலகத்துக்கு, ஆராதனையின் நேரலை அதில்தான் போகும். அதன் பாஸ்வேர்டை வெளியே தரக்கூடாது என்று போதகருக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள்.

அன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் அடக்க ஆராதனை. அவருடைய ஒரே மகன் வெளிநாட்டில், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவருக்கு இருந்த ஒரே வழி சித்தியின் கேமரா.

இருபதாவது நிமிடத்தில் போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வெளியூர்லேர்ந்து நிறைய பேர் வந்திருக்கீங்க. படம் ஏதும் அனுப்பணும்னா நம்ம ஆலயத்துல வைஃபை இருக்கு" என்றார். பிறகு அலுவலக வைஃபையின் பாஸ்வேர்டை, வேதபாடம் வாசிக்கும் நிதானத்தோடு, எழுத்து எழுத்தாக இரண்டு தரம் வாசித்தார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஐயா, கடைசி நம்பர்?" என்றார்.

அதையும் சொன்னார்.

சித்தி மேல்மாடத்தில் கேமரா பக்கத்தில் நின்றிருந்தாள். பிணத்தை வைத்துக்கொண்டு கத்த முடியுமா? மடிக்கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தாள். முந்நூறு போன்கள் ஏறிய நெரிசலில் பாஸ்வேர்டு மாற்றும் பக்கமே திறக்கவில்லை. படியிறங்கி ஓடினாள். நெட்வொர்க் பெட்டி இருக்கும் உடைமாற்றும் அறை பூட்டியிருந்தது. ஆராதனை நேரத்தில் அதைப் பூட்டுவது அங்கே வழக்கம். சாவி மணியடிப்பவரின் பாக்கெட்டில். மணியடிப்பவரோ சிலுவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சவப்பெட்டியின் தலைமாட்டில்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்பே நேரலை உறைந்துவிட்டது. மகன் பார்த்தது பாதி மலர்வளையம்.

அவர் புகார் எழுதினார். அவர் எழுதியதில் தப்பில்லை. தப்பு, அது வந்து சேர்ந்த பிறகு நடந்தது. கவனக்குறைவு என்று சித்திக்கு மெமோ கொடுத்துவிட்டுத்தான் விசாரிக்கவே கூப்பிட்டார்கள். அன்று அவள் மறந்த சாப்பாட்டுப் பையைக் கொண்டுபோன நான் சபைச் செயலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவைச் சாத்தவில்லை.

"நேரலைக்கு நீங்கதான பொறுப்பு?" என்றார் செயலாளர்.

"ஆமா சார். பாஸ்வேர்டை மைக்ல வாசிக்கறதுக்கு நான் பொறுப்பில்ல."

போதகரும் அங்கே இருந்தார். வருத்தப்பட்ட குரலில், "விருந்தாளிக்கு மெதுவா ஓடறதக் குடுத்துட்டு, நல்லத நமக்கு வச்சுக்கறது முறையாம்மா?" என்றார்.

"வர்றவங்களுக்கெல்லாம் உங்க வீட்டு பீரோ சாவியக் குடுப்பீங்களா ஐயா?"

செயலாளர் ஒரு காகிதத்தை நகர்த்தி வைத்தார். மன்னிப்புக் கடிதம். எல்லாம் அடித்துத் தயாராக இருந்தது, அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "அதோட, கேமரா கார்டுல முழுசும் பதிவாயிருக்கும்ல? மகனுக்கு அனுப்பிடுங்க. ஐயா அறிவிப்பு சொல்ற ரெண்டு நிமிஷம் மட்டும் எடுத்துடுங்க. அது எதுக்கு அவருக்கு."

"அவங்கம்மா அடக்கத்துல ரெண்டு நிமிஷத்த வெட்ட நான் யாரு சார்?"

சித்தி கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தாள். சாப்பாட்டுப் பை என் கையிலேயே வீடு திரும்பியது.

சித்தப்பா சமாதானம் பேசினார். "ஒரு கையெழுத்துதான. போட்டுட்டு வேலையப் பாரு. வேலை போச்சுன்னா என்ன பண்ணுவ?"

"நீங்க ஓட்டற பஸ்ஸுல எவனோ பிரேக்கப் பிடுங்கிட்டுப் போறான். நாந்தான் பிடுங்கினேன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"அது வேற."

"எப்படி வேற? சொல்லுங்க, கேக்கறேன்."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை சித்தி முழுப் பதிவையும், ஒரு நொடிகூட வெட்டாமல், மகனுக்கு அனுப்பினாள். கூட ஒரு வரி: "தாமதத்துக்கு வருந்துகிறேன்." தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆத்திரம்.

நான்கு நாள் கழித்து மகன் அவளைப் போனில் கூப்பிட்டார்.

"பாத்தேம்மா. அம்மா முகம் நல்லாத் தெரிஞ்சுது. மூணு தடவ பாத்தேன்." பிறகு கேட்டார், "நடுவுல ஐயா என்னமோ எழுத்தெல்லாம் வாசிக்கிறாரே, அது என்ன?"

"எங்க ஆபீஸ் பாஸ்வேர்டு சார்."

"எங்கம்மாவ வச்சுக்கிட்டா?"

"ஆமா சார்."

அந்த வாரமே தன் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் செயலாளருக்கு எழுதிவிட்டார். அந்தக் கடிதத்தின் நகலைச் செயலாளர் சித்தியின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். அவள் பின்னாலேயே அவர் அறைக்குப் போனாள்.

"சார், என் மெமோ?"

"அது ஃபைல்ல கிடந்துட்டுப் போகுது, விடுங்கம்மா."

"எனக்கு ரத்து பண்ணி எழுதிக் குடுங்க."

"கமிட்டில வச்சுத்தான் பண்ண முடியும். அடுத்த கூட்டத்துக்கு மூணு மாசம் இருக்கு."

"குடுக்கும்போது கமிட்டியக் கேட்டீங்களா?"

அவர் ஒரு தாளை இழுத்து, "மெமோ ரத்து செய்யப்படுகிறது" என்று எழுதி நீட்டினார். சித்தி வாசித்துவிட்டு அதை அவர் பக்கமே தள்ளினாள்.

"காரணம் இல்ல."

"ரத்துக்கு எதுக்கும்மா காரணம்?"

"மெமோவுல என் பேரும் போட்டு, காரணமும் நாலு வரி எழுதியிருந்தீங்க."

"உக்காருங்க முதல்ல."

"இல்ல சார், நிக்கறேன்."

செயலாளர் மறுபடி பேனாவைத் திறந்தார். "நேரலை தடைப்பட்டதற்குக் காரணம், போதகர்" என்பது வரை எழுதினார். பேனா அங்கே நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். சித்தி தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.