கன்னத்தில் தட்டிய டொக்டர்

கழுத்துக் கழலையை வெட்டி எடுத்த மறுநாள் என் விரல்கள் கோழிக்காலைப் போலச் சுருண்டுகொண்டன. ஓடி வந்த டொக்டர் கல்சியம் ஊசி போட்டதும் விரிந்தன. மனுசன் நல்ல உயரம். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலை நூலால் கட்டியிருந்தார். அன்றிலிருந்து காலைதோறும் காதுக்கு முன்னால் என் கன்னத்தில் ஒரு விரலால் தட்டுவார். தட்டின பக்கத்து உதடு துடித்தால் இரத்தத்தில் கல்சியம் குறைவாம்.

நாள்தோறும் போட்டுவந்த ஊசியை அவர் குறைத்ததும் எனக்குப் பயம் பிடித்தது.

"கூடப் போடுங்கோ டொக்டர். கை சுருண்டால் நான் என்னெண்டு மீன் வெட்டுறது?"

"கழுத்துக்குள்ளை அரிசிமணி மாதிரி நாலு சுரப்பி இருக்கு, அம்மா. வெட்டின அதிர்ச்சியிலை படுத்திருக்குதுகள். இரத்தத்திலை கல்சியம் குறைஞ்சால்தான் அதுகள் சுரந்து, எலும்பிலையிருந்து கல்சியத்தை இறக்கும். கூடினால் நிப்பாட்டிப்போடும். நான் ஊசியாலை நிரப்பினால் அதுகள் ஏன் எழும்பப்போகுது?"

"அப்ப என்ரை மனுசன் மாதிரித்தான். பானையிலை சோறு இருந்தால் அவரும் கடலுக்குப் போகார்."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது.

ஊசியை முழுதாக நிறுத்திச் சில நாள் கழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினார். உதட்டில் ஒரு துடிப்பும் இல்லை. என்னால் சும்மா இருக்க முடியுமா? வேண்டுமென்றே வாயைக் கோணினேன். அவர் முகம் அப்படியே செத்துப்போனது. மறுகணம் துள்ளினார்.

"நான் தட்டினது வலப்பக்கம், நீங்கள் கோணினது இடப்பக்கம்! கள்ள மனுசி! எழும்பீட்டுதுகள், நாலும் எழும்பீட்டுதுகள்!"

ஆஸ்பத்திரி வாட்டு முழுவதும் சிரித்தது. அந்த ஒரு கணம் அவர் முகம் செத்தது எனக்காகவா, அந்த நாலு அரிசிமணிகளுக்காகவா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.