சியா விதையும் ஒரு மடக்குத் தண்ணியும்

பனியன் கம்பெனியில் நர்ஸ் வேலை என்றால் ஊசி ஏறின விரலுக்குக் கட்டுப் போடுவதும் தலைவலிக்கு மாத்திரை கொடுப்பதும்தான் என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன். உங்களில் யாராவது என்னைப் போல ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் காலம் தள்ளுகிறவர்களாக இருந்தால், இப்போதே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

மூட்டையில் வந்த ஆரோக்கியம்

எங்கள் கம்பெனி பெருமாநல்லூரில். தையல் லைனில் பாதிப் பேருக்கு மலச்சிக்கல். ஓவர்லாக் தைக்கும் செல்விக்கு ரத்தமே போகும். தென்காசிப் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை, ஸ்டூலில் உட்காரும்போதே முகம் சுளிப்பாள். ஆஸ்பத்திரியில் நார்ச்சத்து சாப்பிடு, நிறையத் தண்ணீர் குடி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவளைத் தேற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வைராக்கியம்.

அந்த நேரம் பார்த்து முதலாளி செல்போனில் எதையோ பார்த்துவிட்டு ஒரு மூட்டை சியா விதை இறக்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நார்ச்சத்து, நல்ல கொழுப்பு, வயிற்றுக்கு இதம், அரை மணி நேரம் ஊறவைத்து மோரிலோ எலுமிச்சை ஜூஸிலோ கலந்து குடியுங்கள், தண்ணீரும் நிறையக் குடியுங்கள் என்று மைக்கில் தொண்டை வற்றப் பேசினேன். பக்கத்தில் நின்ற முதலாளி சந்தேகமே இல்லாமல் சொன்னார்: "நம்ம காங்கேயம் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறப் போடறதில்லீங்களா சிஸ்டர், அதாட்டந்தானுங்க இதும்!"

ரசத்தில் விழுந்தது

செக்கிங் சரசக்கா வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோனார். மறுநாள் காலையில் நேராக என் ரூமுக்கு வந்து பொட்டலத்தை மேஜையில் வைத்தார். "கடுகாட்டம் இருக்குதேன்னு தாளிச்சுக் கொட்டுனனுங்க. வெடிக்கவும் இல்லீங்க, ரசம் கொழகொழன்னு ஆயி எங்கூட்டுக்காரரு தட்டத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுட்டாருங்க!"

செல்வி

பத்து நாள் கழித்து செல்வி வந்தாள். நடந்து வரவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வந்தாள். விதையைக் காய்ந்தபடியே வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கியிருக்கிறாள், தினமும். வேறு தண்ணீரே கிடையாது. ஐயோ, உள்ளதும் அடைத்துக்கொண்டது! "ஏம்மா, தண்ணி குடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று கத்திவிட்டேன். அவள் சத்தமே உயர்த்தவில்லை. "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்லா சிஸ்டர். நான் எந்திச்சுப் போனா பீஸ் குமிஞ்சிரும், லைனே ஏசும்."

ஷிப்மெண்ட் போகட்டும்

செல்வியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு முதலாளியிடம் போய் நின்றேன். லைனுக்கு ஒரு மாற்று ஆள் போடுங்கள், பெண்கள் பாத்ரூம் போய் வரட்டும், அது போதும் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் கோபப்படவே இல்லை, எனக்கு டீ வரவழைத்தார். "கண்டிப்பா பண்ணிப்போடலாங்க சிஸ்டர், இந்த ஷிப்மெண்ட் மட்டும் போகட்டுங்க." அதற்கப்புறம் எத்தனையோ ஷிப்மெண்ட் போய்விட்டது.

பாட்டில்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய செல்விக்கு நானே ஒரு பாட்டிலில் சியா ஊறவைத்துக் காலையில் மெஷின் பக்கத்தில் வைத்தேன். சாயந்திரம் போய்ப் பார்த்தால் மூடிகூடத் திறக்கவில்லை. விதையெல்லாம் உப்பி, பாட்டில் முழுக்க நிறைந்து கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே கேட்டாள்: "தண்ணி இல்லாம வேலை செய்யுத விதை ஏதும் வந்திருக்கா, சிஸ்டர்?"

சியா விதை தன்னைப் போலப் பல மடங்கு தண்ணீர் குடிக்குமாம். எங்கள் கம்பெனியில் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பது அது ஒன்றுதான்.