மாம்பழக் கேசரி

பிள்ளையார்பாளையத்தில் என் நாத்தனார் வளைகாப்புக்குச் சமைத்த அந்த ஆளை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. பெருத்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. எதைச் சொன்னாலும் கரண்டியால் அண்டாவில் இரண்டு தட்டு தட்டுவார். கேட்டுக்கொண்டார் என்று அர்த்தம்.

"எம்பொண்ணுக்கு ஸ்டோன் ஃப்ரூட் எதுவும் ஆவாதுங்க. நடுவுல கெட்டியா ஒத்தைக் கொட்டை இருக்கும்ல, பிளம், பீச், மாம்பழம், அந்த வகையே கூடாது" என்றேன். இரண்டு தட்டு தட்டினார்.

பந்தியில் கேசரி தின்ற மகளுக்கு உதடு வீங்கியது. கேசரியில் மாம்பழக் கூழ்! பையிலிருந்த மருந்தைக் கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு சமையல்கட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"நீ சொல்றப்பவே சிரிப்பு வந்துச்சும்மா. நம்ம ஏகாம்பரநாதரே மாமரத்தடியிலதான் இருக்காரு. அது போயி ஆவாதுன்னா?"

"சாமிக்கு ஆவும். எம்பொண்ணுக்கு ஆவாதுய்யா!"

அவர் திரும்பி அடுப்போரத்திலிருந்த பாயச அண்டாவைப் பார்த்தார். பிறகு, "பாதாமும் அப்படிக் கொட்டைக்குள்ளதானே இருக்குது?" என்றார்.

"ஆமா."

அடுத்துப் பரிமாற இருந்த பாதாம் பாயசம் முழுவதையும் அண்டாவோடு தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். அத்தனை பேர் பாயசத்தையும் கொட்டச் சொன்னது யார்? நான் வாய் திறப்பதற்குள், காலி அண்டாவில் இரண்டு தட்டு தட்டினார்.

முன்பு தட்டியதும் இதே தட்டுதான். நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.